நெரெவாரைக் கொன்றது யார்?

மாரோவிண்ட் கணினி ஆட்டத்தின் பழங்கதைத் தலைவன் நெரெவாரின் சாவைப் பற்றி அதற்குள் எத்தனை ஏட்டைப் புரட்டினாலும் என் மனசு போய் நிற்பது அந்த மெழுகுவர்த்தியில்தான். ரெட் மவுண்டன் போர் ஓய்ந்துவிட்டது. டிவெமர் இனமே ஓர் ஆள் மிச்சமில்லாமல் மறைந்துவிட்டது. அவர்கள் விட்டுப்போன கக்ரெனாக்கின் கருவிகளை என்ன செய்வது என்று அசூரா தெய்வத்திடமே கேட்டுவிடலாம் என நெரெவார் தன் ஆலோசகர்கள் மூவரோடு சடங்குக்கு உட்காருகிறான். ஆல்மலெக்ஸியா ஏற்றிய மெழுகுவர்த்தியில் விஷம். சோத்தா சில் கொடுத்த அங்கியில் விஷம். விவெக் ஓதிய மந்திரத்திலும் விஷம். 'நெரெவார் அட் ரெட் மவுண்டன்' என்ற அந்தச் சின்ன ஏடு இதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது.

ஆளைக் கொல்ல ஒரு கத்தி போதாதா? போதும். கேள்விப்பட்டதை வைத்துக் கதை கட்டுகிறவன் கத்தி என்றுதான் எழுதியிருப்பான். மெழுகுவர்த்தி என்று எழுத வேண்டுமானால் சடங்கு நடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். நெரெவாரின் கேடயத் துணைவன் அலாண்ட்ரோ சுல் கொலைக்குப் பிறகு ஆஷ்லேண்டர் நாடோடிகளிடம் போய் வாழ்ந்தான், அவன் சொன்னது வாய்வழியாக வந்தது, அதைப் பிற்காலத்தில் யாரோ ஒரு படிப்பாளி எழுதி வைத்தான், அந்த மூவரைக் கும்பிடும் கோயில் அதைப் பூட்டி வைத்தது என்று ஏடே தன் வம்சாவளியைச் சொல்லிக்கொள்கிறது. ஆனால் கைதேர்ந்த பொய்யன் ஒருவனும் இதே கணக்குப் போட்டுத்தான் மெழுகுவர்த்தியைச் சேர்த்திருப்பான். விவெக்கின் மந்திரம் எப்படி விஷமாகும்? சொற்களில் விஷம் வைக்க முடியுமா? அங்கேதான் ஏடு கொஞ்சம் இடறுகிறது. அல்லது விவெக்கைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதுதான் மூன்றிலும் நம்பத்தக்க பங்காகத் தோன்றுகிறது.

விவெக் தன் தரப்பைத் தானே சொல்லியிருக்கிறான். கோயிலோடு மாறுபட்ட குருமார்கள் நம் கையில் கொடுக்கும் ஏடு அது. அலங்காரம் கிடையாது, அடுக்கடுக்காக நிகழ்ச்சிகள். நெரெவார் போரில் பட்ட காயத்தால் இறந்தான்; கருவிகளைத் தொடமாட்டோம் என்று சத்தியம் செய்தோம்; பிறகு சத்தியத்தை மீறினோம்; தெய்வமானோம்; அசூரா சபித்தாள். எவ்வளவு நேர்மையான ஒப்புதல் என்று முதல் வாசிப்பில் தோன்றும். இரண்டாம் வாசிப்பில்தான் ஆள் எவ்வளவு கெட்டிக்காரன் என்பது புரியும். சத்தியத்தை மீறிய குற்றத்தைத் தயங்காமல் ஒத்துக்கொள்கிறவனிடம், கொலையும் செய்தாயா என்று கேட்க யாருக்கும் வாய் வராது.

மாரோவிண்ட் 2002இல் வந்தது. இந்த வழக்கில் அது இன்று வரை தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதுதான் எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையிலேயே பெரிய சாதனை என்பது என் கட்சி. டிராகன்கள், சத்தம் போட்டு மலையைப் பிளக்கும் வீரர்கள், பத்து லட்சம் பேர் போட்டு அலுக்காத மோட்கள் எல்லாம் இருக்கட்டும். கதை சொல்லி என்று ஒருவர் இல்லவே இல்லாமல் இத்தனை பெரிய உலகத்தை நிறுத்தி வைத்ததற்கு ஈடாக வேறொன்றை நான் பார்த்ததில்லை. அங்கே கிடக்கும் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அந்த உலகத்துக்குள்ளேயே ஓர் ஆசிரியர் உண்டு. அவருக்குச் சம்பளம் கொடுப்பவர் உண்டு, பயம் உண்டு, பகை உண்டு. 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் தி எம்பயர்' படித்தால் பேரரசு எப்படித் தன்னைப் பார்க்க விரும்புகிறது என்பது தெரியும். பேரரசு எப்படி இருந்தது என்பது தெரியாது.

இது தற்செயல் இல்லை. தலைமை வடிவமைப்பாளர் கென் ரோல்ஸ்டன் கணினிப் பக்கம் வருமுன் மேசையில் பகடை உருட்டும் ஆட்டங்களில் ஊறியவர். ரூன்க்வெஸ்ட் ஆட்டத்தின் பொறுப்பையும் கொஞ்ச காலம் சுமந்தவர். அந்த ஆட்டத்தின் குளோராந்தா உலகில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனிப் படைப்புக் கதை, ஒன்றை மற்றொன்று ஏற்காது. மைக்கேல் கிர்க்பிரைடும் கர்ட் குல்மனும் சேர்ந்து எழுதி 1998இல் ரெட்கார்ட் ஆட்டத்தின் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்த 'பாக்கெட் கைட் டு தி எம்பயர்' இந்தப் புத்தியின் முதல் விளைச்சல். உள்ளே முழுக்கப் பேரரசின் பெருமை. ஓரங்களில் அதை நக்கலடித்து யாரோ கையால் கிறுக்கிய குறிப்புகள். நான் பிரசாரத்தைத் தாண்டிவிட்டு ஓரக் குறிப்பைத்தான் முதலில் படிப்பேன்.

கிர்க்பிரைடின் பெயர் வந்துவிட்டதால் 'விவெக்கின் 36 பாடங்க'ளுக்கு வந்தாக வேண்டும். பிடிக்காதவர்களுக்கு இது போதை ஏறியவன் உளறல். நெட்ச்சி மேய்க்கிறவன் பெண்டாட்டி வயிற்றில் முட்டை, அந்த முட்டைக்குள் இருந்துகொண்டே விவெக் உபதேசம் செய்கிறான் என்று ஆரம்பிக்கும் நூலை உட்கார்ந்து படிக்கச் சொன்னால் கோபம் வருவது நியாயம்தான். ஆட்டத்துக்குள் இந்த ஏடுகள் வார்டன்ஃபெல் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. அவற்றில் சில, திறந்தவுடன் திறமை ஒரு புள்ளி ஏறும் வகை. அதனால் பலரும் அவற்றைத் தேடித்தேடி எடுத்து, திறந்து, ஒரு வரி படிக்காமல் மூடி, விற்றும்விடுவார்கள். கொலைகாரனின் ஒப்புதல் வாக்குமூலத்தைத்தான் விற்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியாது.

36ஆம் பாடத்தின் பத்திகளுடைய முதலெழுத்துகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். கொடுங்கொலை என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்கள் நிமிர்ந்து நிற்கும். அத்தோடு முடியவில்லை. 29ஆம் பாடத்தில் ஒன்று தொடங்கி முப்பத்தாறு வரை எண்களுக்கு விளக்கம் வருகிறது. ஒவ்வொரு எண்ணின் பக்கத்திலும் இன்னொரு எண் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏதோ சித்தர் பரிபாஷை என்று தாண்டிப் போய்விடத்தான் தோன்றும். முதல் எண்ணைப் பாடத்தின் எண்ணாகவும் இரண்டாவதை அந்தப் பாடத்தில் எத்தனையாவது சொல் என்பதாகவும் வைத்து எண்ணிக்கொண்டே போனால் சொற்கள் கோத்துக்கொண்டு வாக்கியமாகின்றன. தான் பிறவித் தெய்வமல்ல, விதியும் தன்னைத் தள்ளவில்லை, தானே விரும்பித்தான் இந்த வழியில் இறங்கியது, தெய்வத்தன்மையைத் திருடியதும் தலைவனைக் கொன்றதும் தானே என்கிறான் விவெக். கடைசியில் கையெழுத்தும் போடுகிறான்.

சித்திரகவி படித்துப் பழகிய கண்ணுக்கு இந்த வித்தை புதிதில்லை. தேர் வடிவத்திலும் பாம்பு வடிவத்திலும் எழுத்தைக் கட்டிப்போட்ட புலவர்கள் நம்மிடம் உண்டு. ஆனால் அங்கே கட்டை அவிழ்த்தால் பெரும்பாலும் கிடைப்பது புலவரின் சாமர்த்தியம். இங்கே ஒரு குற்றம் கிடைக்கிறது. விவெக் ஊரறிய மறுத்த ஒன்றைத் தன் வேதத்துக்குள்ளேயே, தன்னைக் கும்பிடுகிறவர்கள் தினமும் ஓதும் வரிகளுக்கு அடியிலேயே புதைத்து வைத்திருக்கிறான். ஏன்? தெய்வத்துக்கும் மனசாட்சி அரிக்குமா? கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்ற ஆசையா? பாதி உடம்பு பொன், பாதி சாம்பல் என்று காற்றில் சம்மணமிட்டு மிதக்கும் அவனை அவன் மண்டபத்தில் போய்ப் பார்க்கும்போது, இந்தக் கேள்வியோடு பார்ப்பதற்கும் இல்லாமல் பார்ப்பதற்கும் வித்தியாசம் உண்டு. கேள்வி இல்லாதவர்களுக்கு அவன் ரெய்த்கார்ட் கையுறையைக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான்.

நான் இந்தச் சங்கேதத்தை நானாகக் கண்டுபிடிக்கவில்லை. யாரோ உடைத்ததைப் படித்துவிட்டு, நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பாடமாகச் சொல் எண்ணிச் சரிபார்த்தேன். எண்ணுவதற்காகவாவது ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டியதாயிற்று. பாதி தூரம் போனபோது விடையைவிடப் பாடங்கள் பிடித்துப்போய்விட்டன. அது கிர்க்பிரைட் விரித்த இரண்டாவது வலை என்று நினைக்கிறேன்.

இதே மனிதர், இதே வித்தை, நாலு வருஷம் கழித்து அடுத்த ஆட்டமான ஆப்லிவியனில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் வயிறு எரியும். 2006. மங்கார் கமோரன் என்ற பாத்திரத்தின் உரைநூல்கள் நான்கு தொகுதி. எழுத்து அதே தரம்தான். சில பத்திகள் விவெக்கையே தோளில் தட்டும். அவற்றிலும் முதலெழுத்துச் சங்கேதம் உண்டு. சேர்த்தால் கிரீன் எம்பரர் வேயில் எங்கே, எந்த நேரத்தில் போய் நிற்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் இங்கே அது ஒப்படைக்கப்பட்ட வேலை. நான்கு தொகுதியையும் தேடிப் பிடி, ரகசியம் இருக்கிறது, கண்டுபிடி என்று ஆட்டமே நம் சட்டையைப் பிடித்து இழுக்கிறது. ரகசியம் உண்டு என்று அறிவித்துவிட்ட பிறகு அதில் மிச்சம் என்ன? மாரோவிண்டில் யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த அலட்சியத்தில் ஒரு மரியாதை இருந்தது.

அங்கிருந்துதான் சரிவு. திசைகாட்டியில் அம்பு வந்தது. காஜித் ஜோபாஷாவின் புத்தகக் கடைக்குப் போய்த் தடை செய்யப்பட்ட நூலை விசாரித்து வாங்கிவரும் பழக்கம் போனது. மாரோவிண்டில் கதையின் மையத் திருப்பமே அப்படித்தான் தொடங்கும்: மேரா மிலோ 'ப்ராகிரஸ் ஆஃப் ட்ரூத்' என்ற தடை நூலின் பிரதி ஒன்றைத் தேடிப் பிடிக்கச் சொல்வாள், நாம் கடை கடையாகத் தேடுவோம். நமக்கு வேலை கொடுக்கும் ஒற்றர் தலைவன் கேயஸ் கொசாடிஸ் சட்டையில்லாமல் கட்டிலோரம் நின்றுகொண்டு, இந்தக் குறிப்புகளையெல்லாம் படித்துவிட்டு வா என்று காகிதத்தைத் திணிப்பான். படிக்காதவனுக்குக் கதை நகராது என்றே தோன்றும். பிறகு எல்லோருக்கும் குரல் கொடுத்தார்கள். பேட்ரிக் ஸ்டூவர்ட்டும் ஷான் பீனும் அருமையாகத்தான் பேசினார்கள். ஆனால் குரலுக்கு நடிகர் வேண்டும், நேரம் வேண்டும், பணம் வேண்டும். அதனால் ஊர்க்காரர்கள் வாயில் ஏழெட்டு வரிக்கு மேல் நிற்கவில்லை. மாரோவிண்டில் தெருவில் போகிறவனைக் கேட்டால்கூட ஆஷ்லேண்டர்களைப் பற்றி ஒரு பக்கம் எழுத்தில் கொட்டுவான். ஒரே பக்கத்தைப் பல பேர் கொட்டுவார்கள் என்பதும் உண்மைதான், அதை மறைக்கவில்லை.

அக்கா மகன் ஸ்கைரிமை முடித்துவிட்டு வந்து நின்றான். "மாமா, பழசையெல்லாம் விளையாட நேரமில்ல. கதை மட்டும் தெரிஞ்சா போதும். எந்த வீடியோ பாக்கட்டும்?" அவன் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தான். பல மணி நேரம் ஓடும் சுருக்கம், இயந்திரக் குரல். அதில் நெரெவாருக்கு ஒரு வரி: நண்பர்களே துரோகம் செய்து கொன்றார்கள். அடுத்த வரியில் வில்லன் டகோத் ஊர். தகவல் தப்பில்லை என்று வாதாடலாம். மெழுகுவர்த்தி எங்கே, அலாண்ட்ரோ சுல் எங்கே, விவெக்கின் மழுப்பல் எங்கே? மூன்று சாட்சிகளையும் வெளியே அனுப்பிவிட்டுத் தீர்ப்பை மட்டும் வாசிக்கிறார்கள், அதுவும் எந்த நீதிபதியும் எழுதாத தீர்ப்பை.

ஸெல்டா ரசிகர்களுக்கு இந்த வேதனை புரியாது. 2011இல் நின்டெண்டோவே 'ஹைரூல் ஹிஸ்டோரியா' போட்டு, ஒக்கரினா ஆட்டத்துக்குப் பிறகு காலம் மூன்றாகக் கிளை பிரிகிறது என்று வரைபடமும் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் வருஷக்கணக்காகப் போட்ட சண்டை ஒரு பக்கத்தில் முடிந்தது. எனக்கு அது கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது. டார்க் சோல்ஸ் பிரியர்களோடு வாதம் இன்னும் நுட்பமானது. மோதிரத்தின் அடியிலும் துருப்பிடித்த வாளின் அடியிலும் இரண்டு வரிகளை வைத்து ஒரு ராஜ்யத்தின் வீழ்ச்சியைச் சொல்லிவிடும் மியாசாக்கியின் சிக்கனம் எனக்கும் பிடிக்கும். ஆனால் அந்த இரண்டு வரியை எழுதியவர் யார்? யாருமில்லை. அது அசரீரி, அசரீரி பொய் சொல்லாது. அங்கே துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்துவதற்காகக் காத்திருக்கின்றன. இங்கே துண்டுகள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருக்கின்றன. எனக்கு முறைப்புதான் வேண்டும்.

எல்டர் ஸ்க்ரோல்ஸை உருவாக்கும் பெதெஸ்டாவுக்கும் கிளைகளை வெட்டிச் சுத்தம் செய்யும் வாய்ப்பு வந்தது. 1996இன் டாகர்ஃபால் ஆட்டத்துக்கு ஒன்றுக்கொன்று ஒத்துவராத பல முடிவுகள். பித்தளைப் பூதம் நியூமிடியம் யார் கைக்குப் போனது என்பதைப் பொறுத்து உலகமே மாறும். அடுத்த ஆட்டம் எழுதும்போது ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிப் போடுவதுதான் உலக வழக்கம். இவர்கள் எல்லாமே நடந்தது என்று சொல்லிவிட்டார்கள். காலம் உடைந்தது, எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நிகழ்ந்தன, விடிந்து பார்த்தால் இலியாக் வளைகுடாவின் நாற்பத்துச் சொச்சம் சிற்றரசுகள் நான்காகச் சுருங்கியிருந்தன. இதைத் துப்பாக்கி முனையில் ஒத்துக்கொள்வதுபோல் பேரரசின் ஆவணக்காரன் எழுதிய 'தி வார்ப் இன் தி வெஸ்ட்' தனி ரகம். சாட்சிகள் யாரும் ஒரேமாதிரி பேசவில்லை என்பதுதான் அவன் கண்டுபிடித்த ஒரே உண்மை.

கைரோடில் காட்டுக்கும் இதே கதி. 1998 கையேட்டில் பேரரசின் தாய்நாடான கைரோடில் வெப்பக்காடு. ஆப்லிவியனைத் திறந்தால் இதமான புல்வெளி, ஓக் மரம். கணினியில் காடு வளர்க்கச் சிரமமாயிற்று போல என்று விட்டிருக்கலாம். விடவில்லை. ஸ்கைரிமில் வைட்ரன் ஊர் நடுவில் தெய்வமாக்கப்பட்ட பேரரசன் டாலோஸின் சிலைக்கு முன் நின்று நாள் முழுக்கக் கத்தும் ஹைம்ஸ்கரைப் பலரும் இரைச்சல் தாங்காமல் வெட்டிப் போட்டிருப்பார்கள். அவன் கத்துவதை ஒருநாள் நின்று கேளுங்கள். கிர்க்பிரைட் எழுதிய டாலோஸ் உரை அது. இந்த நிலத்தை நானே மாற்றி அமைத்தேன், என் படைவீரர்களே, உங்கள்மேல் வைத்த அன்பால் செய்தேன் என்று பேரரசன் பேசுவது அதில் வருகிறது. காடு போன காரணம் அந்தப் பைத்தியத்தின் வாயில் இருக்கிறது. அதைத்தான் ஸ்கிப் செய்கிறோம்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆன்லைன் ஆட்டத்தை மட்டமாகப் பேசுவது என் வயதுக்காரர்களின் பொழுதுபோக்கு, நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அங்கே லாரன்ஸ் ஷிக் என்றொருவர் 2019 வரை கதைக் காவலராக இருந்தார். வேறு பெயரில் அலெக்ஸாந்தர் தூமாவை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பவரும் அவரே. எலின்ஹிரின் ஃப்ராஸ்டஸ், டானெத்தின் லேடி சினபார் என்று இரண்டு பண்டிதர்கள் அவர் காலத்தில் ஆட்டத்துக்குள் உலவினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் மறுப்பதே வேலை. காடு என்றது ஏட்டைப் படியெடுத்தவன் செய்த பிழை என்பார் ஃப்ராஸ்டஸ். சினபார் அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறொரு காரணம் சொல்வார். ஒரு நிறுவனத்தின் பழைய முரண்பாட்டை இவ்வளவு ஜோராக யாரும் சமாளித்ததில்லை. தங்கள் தவறை மறைக்காமல் அதை இரண்டு கிழப் பண்டிதர்களின் பொறாமையாக மாற்றிவிட்டார்கள்.

ராணி பாரென்ஸியா விஷயத்தை இங்கே சொல்லாவிட்டால் தூக்கம் வராது. டாகர்ஃபால் காலத்திலிருந்தே ராணியைப் பற்றி இரண்டு வரலாறுகள். ஒன்று அரசவை எழுத்தர் எழுதிய அதிகாரபூர்வ வாழ்க்கை, பத்தினி வர்ணனை. மற்றது பெயரில்லாதவர் எழுதிய 'தி ரியல் பாரென்ஸியா', சமாச்சாரமே வேறு. மாரோவிண்டின் ட்ரிபியூனல் விரிவாக்கத்தில் மோர்ன்ஹோல்ட் அரண்மனைக்குள், ராணியின் அறைகளிலேயே ப்ளிடினியஸ் மேரோ என்ற கிழவரைச் சந்திக்கலாம். அந்த வம்பு நூலை எழுதிய ஆள்தான். தன்னைப் பற்றி எழுதியவரைத் தண்டிக்காமல் தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போடுகிறாள் ராணி! எது உண்மை வரலாறு என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அதை எந்த ஏடும் சொல்லவில்லை, ஆள் இருக்கும் இடம் சொல்கிறது.

ஸ்கைரிமை நான் ஒரேயடியாக ஒதுக்கமாட்டேன். 'தி பேர் ஆஃப் மார்கார்த்' அங்கே இருக்கிறது. ஸ்டார்ம்கிளோக் கலகக்காரர்களின் தலைவன் உல்ஃப்ரிக் மார்கார்த்தைப் பிடித்தபோது செய்த அட்டூழியங்களைப் பட்டியல் போடும் ஏடு, எழுதியவர் பேரரசுப் பக்கத்து ஆள். அதைப் படித்துவிட்டு ஸ்டார்ம்கிளோக்குகளில் சேர மனசு வராது. எழுதியவர் யார் என்று யோசித்தால் சேராமலிருக்கவும் மனசு வராது. பழைய வித்தை செத்துவிடவில்லை. ஆனால் வின்டர்ஹோல்டில் உராக் க்ரோ-ஷூப் காவல் காக்கும் நூலகத்தில் இருப்பவற்றில் பெரும்பகுதி முந்தைய ஆட்டங்களின் சரக்கு. புதிதாக எழுதியது கம்மி. எழுதினாலும் கல்லறைக்குப் போகும் வழியைச் சொல்லும் நாட்குறிப்புகளே அதிகம்: இங்கே ஏதோ சரியில்லை, கதவுக்குப் பின்னால் சத்தம் கேட்கிறது, ஐயோ. அப்படியொன்றைப் படித்தால் போதும், நூறு படித்த மாதிரி.

ஆறாவது பாகத்துக்கு 2018இல் மலையும் கடலுமாக ஒரு துணுக்குக் காட்டினார்கள். அது எந்த நாடு என்று இன்னும் அடித்துக்கொள்கிறோம். எந்த நாடாக இருந்தாலும் எனக்குக் கவலையில்லை. எழுத்து மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதுதான் என் கவலை.

மருமகனுக்கு வீடியோ எதுவும் சொல்லவில்லை, ஏடுகளின் வரிசைதான் எழுதிக் கொடுத்தேன். முதலில் கோயில் வெளியிட்ட செயின்ட் நெரெவார் துதி. அடுத்து விவெக்கின் ஒப்புதல். மூன்றாவதாக மெழுகுவர்த்தி. பிறகு 'ஃபைவ் சாங்ஸ் ஆஃப் கிங் வுல்ஃபார்த்'. அதன் கடைசி ரகசியப் பாட்டில் அதே போரில் நார்டுகள் தங்கள் செத்துப்போன கடவுளையே கூட்டி வந்து நிற்பார்கள், அதுவரை கட்டிய கணக்கெல்லாம் தலைகீழாகும். பேரரசை நிறுவிய டைபர் செப்டிமைப் பற்றிப் பள்ளிப் பாடம் மாதிரி தெரிந்திருந்தால் 'தி ஆர்க்டூரியன் ஹெரசி'. விவெக்கின் 36 பாடங்களுக்கு அவசரமில்லை. ஒரு வாரம் கழித்து போன் வந்தது. "மாமா, இதுல எதத்தான் நம்புறது?" கோயில் துதியையும் விவெக்கையும் மட்டும்தான் அதுவரை படித்திருந்தான். மூன்றாவதைத் திறக்கச் சொன்னேன்.